சுருட்டைத் தலைமயிர் பொங்காமல் காயவைப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன அறையில் 14 வருடமாகப் பெண்களுக்குத் தலைமயிர் வெட்டிவருகிறேன். என்னுடைய தலையும் சுருட்டைதான். கதிரையில் வந்து இருக்கும் சுருட்டைக்காரிகள் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது, "அக்கா, காய்ஞ்சா குருவிக்கூடு மாதிரி நிக்குது, ஏதாவது செய்துவிடுங்கோ" என்பதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது வாசியுங்கள். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முழுகின உடன வடிவா சுருண்டு நிக்குது. காய்ஞ்சா மட்டும் ஏன் பறட்டையாப் போகுது?

தலைமயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டதும் விட்டுப்போகும். காய்ந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மயிர் எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்கிறதோ, அந்த வடிவத்திலேயே இந்தக் கட்டுகள் இறுகும். ஈரத் தலையோடு படுத்து எழும்பினால் ஒரு பக்கம் அமுங்கி மற்றப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

நனைந்திருக்கும்போது பல மயிர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே சுருளாகத் தொங்கும். அந்த நேரத்தில் துவாயால் தேய்த்து, விரலால் கோதி, ஃபானுக்குக் கீழே நின்று உதறினால் சுருள் பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மயிரும் தன்பாட்டில் வளைந்து காயும். நீங்கள் பறட்டை என்று சொல்வது அதைத்தான். அது மயிரின் குற்றமல்ல. காயும் நேரத்தில் அதற்கு நடந்த விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. மயிரின் மேற்பரப்பு கிடுகு வேய்ந்த கூரை மாதிரி, செதிலுக்கு மேல் செதிலாக அடுக்கியது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்மயிரில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு மேலேயே நின்றுவிடும். அதனால் நுனி வறண்டு, செதில்கள் கிளம்பி, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வீங்கும்.

கனடாவில இருக்கிற மச்சாளின்ர தலை அங்க நல்லா நிக்குதாம். லீவுக்கு வந்து ரெண்டு கிழமையில பொங்கிப்போச்சு. எங்கட தண்ணியோ காரணம்?

காற்றின் ஈரம் பாதி, தண்ணீர் பாதி. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடும் ஆறு இங்கே இல்லை. மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இறங்கித் தேங்க, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லில் இருந்து கரைந்த கல்சியமும் மக்னீசியமும் அதோடு வரும். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாக, சுரண்டினால் பொடியாக வரும் ஒரு படிவு இருக்கும். முழுகும்போதெல்லாம் அதே பொருள் மயிரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. அதனால்தான் கொண்டிஷனர் பூசினாலும் வழுவழுப்பு வராமல், காய்ந்த பின் கையில் பொரபொரவென்று படுகிறது. தீவுப்பகுதியிலும் கடற்கரையை அண்டிய இடங்களிலும் உவர்ப்பும் சேரும்.

இதற்கு மூன்று வழி சொல்வேன். முதலாவது, மழைத்தண்ணீர். மாரியில் முதல் மழையைக் கூரையின் தூசியைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு விழுவதைச் சுத்தமான வாளியில் பிடித்து மூடி வையுங்கள். முழுக்க அதில் முழுகத் தேவையில்லை. கடைசியாக அலசுவதற்கு ஒரு வாளி போதும். மழைத்தண்ணீரில் அலசிய தலை காய்ந்ததும் கையில் எப்படிப் படுகிறது என்று ஒருமுறை பாருங்கள், பிறகு ஒவ்வொரு மழைக்கும் வாளியோடு ஓடுவீர்கள்.

இரண்டாவது, கோடையில் கடைசி அலசலுக்கான தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கியதை விட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுப்பது. எங்கள் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பில் பெரும்பகுதி கொதிக்கும்போது கீழே படிந்துவிடும். உப்புப் போகாது, ஆகவே உவர்த் தண்ணீருக்கு இது உதவாது.

மூன்றாவது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை தேசிப்புளி அல்லது வினாகிரி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். ஷாம்பு போட்ட பிறகு ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, வடிவாக அலசிவிடுங்கள். தேசிப்புளி தோலில் இருக்கும்போது வெயிலில் நிற்கவே கூடாது. நெற்றியிலும் கழுத்திலும் தோல் வெந்து, மாதக்கணக்கில் கறுத்துப்போகும். கிணற்றடியில் வெயிலில் நின்று தேசிக்காய் தேய்த்து முழுகிய ஒரு பிள்ளையின் பிடரியை நான் பார்த்திருக்கிறேன். பின்னேரத்தில் செய்யுங்கள்.

சரி, முழுகி முடிய என்ன செய்ய வேணும்? ஒழுங்கா ஒருக்கா சொல்லுங்கோ.

வேலை குளியலறைக்குள்ளேயே தொடங்குகிறது. ஷாம்பு தலைத்தோலுக்கு, கொண்டிஷனர் காதடியில் இருந்து நுனிவரை. கொண்டிஷனர் தலையில் இருக்கும்போது மட்டும்தான் சீப்புப் போட வேண்டும். பல் அகன்ற சீப்பு, நுனியில் தொடங்கி மேலே மேலே. காய்ந்த சுருட்டையைச் சீப்பால் இழுக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கொண்டிஷனரை அலசும்போது முழுக்கப் போக்காமல், மயிர் இன்னும் கொஞ்சம் வழுக்கும் நிலையில் நிறுத்துங்கள்.

இப்போது கை துவாய்க்குப் போகும். போக விடாதீர்கள். தலை சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஜெல் பூச வேண்டும். எல்லாரும் பிழைவிடும் இடம் இது. அரைகுறையாகத் துடைத்த தலையில் ஜெல் பூசினால், பிரிந்துவிட்ட மயிரைப் பிரிந்தபடியே ஒட்டி வைத்ததுபோல் ஆகும். தோள்வரை மயிர் உள்ளவருக்கு ஒரு தேசிக்காய் அளவு ஜெல் போதும். தலையை நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மேலிருந்து கீழே வழியுங்கள். பிறகு தலையைக் குனிந்து, நுனியை உள்ளங்கையில் பொத்தி, மேலே தள்ளி அமத்துங்கள். சேற்றில் கால் வைத்த மாதிரி "சளக், சளக்" என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் தலையில் ஈரம் போதாது. ஒரு கை தண்ணீர் தெளித்துத் திரும்ப அமத்துங்கள்.

அடுத்தது துணி. துவாயின் பூந்தும்புகள் சுருளைப் பிய்த்துவிடும். பழைய பருத்தி ரீசேட் நல்லது, அதைவிட நல்லது பல வருடம் தோய்த்து மெதுமையாகிப்போன ஒரு பழைய சாரம். என்னுடைய அறையில் அப்பாவின் சாரங்கள் ஆறு இருக்கின்றன, எல்லாம் இந்த வேலைக்குத்தான். சாரத்தைக் கட்டிலில் விரித்து, குனிந்து, சுருள்கள் எல்லாம் உச்சிப்பக்கம் வந்து துணியின் நடுவில் குவிகிற மாதிரித் தலையை இறக்குங்கள். பின் ஓரத்தைப் பிடரிவரை இழுத்து, இரண்டு பக்கத்தையும் முறுக்கி நெற்றியில் முடியுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் உச்சி நசிந்துவிடும்.

அவிழ்த்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொடாமல் இருப்பது. அடர்த்தியான தலை முழுக்கக் காய மூன்று நாலு மணித்தியாலம் எடுக்கும். பாதி காய்ந்த நேரத்தில் "சரிவருதோ" என்று கையை விட்டுப் பார்ப்பதில்தான் முக்கால்வாசித் தலைகள் பழுதாகின்றன. போன மாதம் வந்த ஒரு பிள்ளைக்குக் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா காதடிச் சுருளை இழுத்து இழுத்து விட்டாள். ஒரு சுளகு நிறைய முருங்கையிலையை மடியில் வைத்து, "இதை ஆய்ஞ்சு தா தங்கச்சி" என்றேன். இலை முடிய வலப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாகக் காய்ந்திருந்தது. இழுத்த இடப்பக்கக் காதடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பறட்டை. கண்ணாடியில் அவள் அந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்ததை மறக்க மாட்டேன். நான் எவ்வளவு சொல்லியும் விளங்காதது அதில் விளங்கிவிட்டது.

காய்ந்ததும் மயிர் மொறுமொறுவென்று நிற்கும். பயப்பட வேண்டாம். ஜெல் ஒரு மெல்லிய ஓடு போட்டு, அதற்குள்ளே சுருளைக் காயவிட்டிருக்கிறது. உள்ளங்கையில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் தேய்த்து, முன்பு அமத்திய மாதிரியே கீழிருந்து மேலே அமத்துங்கள். ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கும், மயிர் மெதுமையாகும், சுருள் அப்படியே இருக்கும். ஒரு இடம்கூட ஈரமாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

வேலைக்குப் போறனான், நாலு மணித்தியாலம் எங்க இருக்கு? ஹெயார் ட்ரையர் பிடிச்சா மயிர் பழுதாகாதோ?

பிடிக்கிற விதத்தைப் பொறுத்தது. 2011இல் கொரியாவில் இருந்து வெளிவந்த ஒரு ஆய்வில் ட்ரையரைப் பல தூரங்களில் பிடித்துப் பார்த்தார்கள். 5 செ.மீ. தூரத்தில் சூடு 95 பாகை செல்சியஸ், 15 செ.மீ. தூரத்தில் 47 பாகை. 15 செ.மீ. தள்ளி, ஓயாமல் அசைத்துக்கொண்டு காயவைத்த மயிரின் உட்பகுதி, தானாகக் காயவிட்ட மயிரைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிக்கொண்டு நிற்பதும் மயிருக்கு நல்லதல்ல என்பது அதில் தெரிந்தது. கிட்டப் பிடித்தால் மேற்செதில்கள் வெந்துவிடும்.

சுருட்டைக்கு ட்ரையரின் வாயில் டிஃபியூசர் என்ற கிண்ணத்தைப் பூட்ட வேண்டும். உள்ளே விரல் மாதிரிக் குச்சிகள் இருக்கும்; காற்றை ஒரே இடத்தில் அடிக்க விடாமல் பரப்பிவிடும். முதல் பத்து நிமிடம் தலையைச் சுற்றி வெளியே நின்றபடி காற்றைக் காட்டுங்கள். வெளிப்பக்கம் கொஞ்சம் இறுகியதும் ஒவ்வொரு பகுதியாகக் கிண்ணத்தில் ஏந்தி, மேலே தூக்கி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். சூடு குறைவு, வேகம் குறைவு. முக்கால்வாசி காய்ந்ததும் நிறுத்திவிடலாம், மிச்சத்தைத் தானாகக் காய விடுங்கள். டிஃபியூசர் இல்லாவிட்டால் ட்ரையரை எடுக்காமல் இருப்பதே மேல். வெறும் வாயால் அடிக்கும் காற்றும் உச்சியில் நேராக விழும் ஃபான் காற்றும் செய்வது ஒன்றுதான்.

கடையில விக்கிற ஜெல் விலை. வீட்டில செய்யலாமோ?

செய்யலாம். கால் கப் ஆளி விதைக்கு 2 கப் தண்ணீர். மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் தடிப்பாகி, அகப்பையைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக விழும். அந்த நிமிடமே இறக்கி, சூட்டோடு வடித்துவிட வேண்டும். ஆறினால் எந்த வடியிலும் இறங்காது; முதல்முறை செய்தபோது ஒரு சட்டி முழுவதையும் அப்படியே கொட்டினேன். ஃபிரிட்ஜில் ஒரு கிழமை இருக்கும். மணம் மாறினால் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

கடையில் வாங்குவதானால் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிளிசரின் முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வேண்டாம். கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். மழைக்கால வாடையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை; எல்லாவற்றையும் மயிருக்குள் இழுத்துப் பொங்க வைத்துவிடும். சோளகம் அடிக்கும் மாதங்களில் வேறு கதை. அப்போது காற்று சுருளைக் கலைக்கும், வெயில் வறட்டும், ஆகவே ஜெல்லோடு கொஞ்சம் கொண்டிஷனரையும் கலந்து பூசுங்கள்.

அம்மம்மா சொல்லுறா, நல்லா எண்ணெய் வைச்சு இழுத்துப் பின்னினா பொங்காது எண்டு.

எண்ணெயைப் பற்றி அம்மம்மா சொல்வது சரி, இழுப்பதைப் பற்றித்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்கக்கூடியது. முழுகும்போது மயிரில் இருந்து புரதம் கழிந்துபோவதை அது குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் காட்டினார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிய எண்ணெய்க்கும் அந்தக் குணம் இருக்கவில்லை. ஆகவே முழுகுவதற்கு முதல் இரண்டு மணித்தியாலமோ, முதல்நாள் இரவோ வையுங்கள். முழுகிய பிறகு ஈரத் தலையில் எண்ணெய் பூசி, அதற்கு மேல் ஜெல் பூசினால் ஜெல் பிடிக்காது.

சனி முழுக்குக்கு வைக்கும் நல்லெண்ணெயும் நல்லதுதான். ஆனால் அதைப் போக்குவதற்காக ஷாம்புவை மூன்று தரம் போடாதீர்கள். காய்ந்த தலையிலேயே முதலில் கொண்டிஷனரைப் பூசி, பத்து நிமிடம் விட்டு அலசினால் எண்ணெய் பாதி இறங்கிவிடும். பிறகு ஒரு ஷாம்பு போதும்.

சீயாக்காய், வெந்தயம், செவ்வரத்தை இதுகள் சுருட்டைக்குச் சரிவருமோ?

செவ்வரத்தை இலையும் ஊறவைத்த வெந்தயமும் வழுவழுப்பைத் தரும், கொண்டிஷனர் மாதிரியே உதவும். அரைத்தபின் கட்டாயம் துணியில் வடியுங்கள். சுருளுக்குள் சிக்கிய திப்பி ஒரு கிழமைக்கும் போகாது. சீயாக்காய் எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் தூளாகத் தேய்த்தால் மயிரை உரசும். அவித்து வடித்த தண்ணீராகப் பாவியுங்கள்.

சாம்பிராணிப் புகையில காயவைக்கலாமோ?

வாசத்துக்குப் பிடிக்கலாம். தணலுக்குக் கிட்டத் தலையைக் கொண்டுபோக வேண்டாம். முட்டு வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைப் பின்னல் கட்டாயம். காலமை ஆறரைக்கு என்னால இந்த வேலை எல்லாம் பார்க்கேலாது.

பார்க்க வேண்டியதில்லை, அம்மா. பாடசாலை நாட்களில் காலையில் முழுக வார்க்காதீர்கள். முதல்நாள் பின்னேரம் முழுக வார்த்து, படுக்கப் போகும்போது காய்ந்த தலையில் தளர்வாக ஒரு பின்னல் போட்டுவிடுங்கள். காலையில் நெற்றியோரம் மட்டும்தான் கிளம்பி நிற்கும். கையை நனைத்து, பட்டாணி அளவு ஜெல் தேய்த்து, நெற்றியில் இருந்து பின்னால் ஒருதரம் வழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துணியை இரண்டு நிமிடம் கட்டி வையுங்கள். அதற்குள் ரிபனை எடுத்து வைக்கலாம்.

ஈரத் தலையை இறுக்கிப் பின்னி அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரமயிர் இழுத்தால் நீளும், பிறகு அறும். வருடக்கணக்காக ஒரே வகிட்டில் இறுக்கிப் பின்னியதால் 15 வயதிலேயே நெற்றியோரம் மயிர் ஒதுங்கிப்போன பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அப்படியே தொடர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகலாம். இந்தப் பதிலில் ஒரு வரியைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

இரவு படுத்து எழும்ப எல்லாம் போயிடுது. ஸ்கூட்டியில போனா ஹெல்மெட் வேற.

இரவில் மயிர் முழுவதையும் உச்சியில் தூக்கித் தளர்வான ஒரு கொண்டையாக, துணி சுற்றிய ரப்பரால் ஒரே ஒரு சுற்றுப் போடுங்கள். பருத்தித் தலையணை உறை உரசும். சரிகை இல்லாத பழைய பட்டுச் சேலைத்துண்டில் ஒரு உறை தைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்பிரே போத்தலில் தண்ணீரும் ஒரு சொட்டுக் கொண்டிஷனரும் கலந்து, கலைந்த சுருளுக்கு மட்டும் தெளித்து, விரலில் சுற்றி விடுங்கள்.

ஹெல்மெட்டுக்கு முதல் தலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் ஹெல்மெட்டின் வடிவத்திலேயே காயும். பண்ணைப் பாலத்தால் போய்வருகிறவர்கள் கழுத்தடியில் ஒரு தளர்ந்த பின்னல் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் காற்றுக்கு எந்த ஜெல்லும் நிற்காது.

இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு நேராக்கிவிட்டா என்ன?

உங்கள் தலை, உங்கள் விருப்பம். தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்பதுதான் என் கவலை. ரீபொண்டிங் செய்யும்போது, தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத பலமான கந்தகக் கட்டுகளை மருந்து போட்டு உடைத்து, இரும்பால் நேராக்கி ஒட்டுகிறார்கள். அந்த நீளம் திரும்பச் சுருளாது. ஆனால் வேரில் இருந்து சுருட்டைதான் முளைக்கும். ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், ஆறு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே நேர். கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் பூசும் சில மருந்துகள் சூடு பட்டதும் ஃபோமல்டிஹைட் வாயுவை விடும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. செய்யச் சம்மதிப்பதற்கு முன் போத்தலை வாங்கிப் பாருங்கள். கண் எரிந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

எனக்கு 19 வயதில் ஒரு பாலரில் ரீபொண்டிங் செய்தார்கள். மருந்தைச் சொன்ன நேரத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். மூன்றாம் மாதம் காதளவில் கொத்தாக முறியத் தொடங்கியது. கடைசியில் எல்லாவற்றையும் காதுவரை வெட்டி, பழைய நீளம் வர மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடத்தில்தான் என் சுருளை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

மகனுக்கும் சுருட்டை. சலூனில எப்பவும் மெஷின் போட்டு விடுறாங்கள்.

இரண்டு அங்குலமாவது விட்டுக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த தலையில் வெட்ட வேண்டும். ஈரத்தில் நீளமாகத் தெரியும் சுருள் காய்ந்ததும் பாதியாக ஏறிவிடும். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

கலியாண வீட்டுக்கு விரிச்சுக்கொண்டு போனா மாமி ஏசுவா. என்ன செய்யலாம்?

முன்பக்கத்தை மட்டும் இரண்டு காதுக்கும் மேலால் எடுத்துப் பின்னால் ஒரு கிளிப்பில் பிடியுங்கள், மிச்சச் சுருள் முதுகில் கிடக்கட்டும். நெற்றி ஒதுங்கியிருந்தால் மாமிமார் தலைவிரி கோலம் என்று சொல்வதில்லை, நான் பார்த்த அளவில். முதல்நாள் மத்தியானமே முழுகி, பின்னேரத்துக்குள் முழுக்கக் காயவிட்டு, இரவு உச்சிக்கொண்டை போட்டுப் படுங்கள். முகூர்த்த நாள் காலையில் தலையில் தண்ணீர் படவே வேண்டாம். ஜெல் ஓட்டையும் காலையில் நொறுக்கினால் போதும், அதுவரை அது சுருளைக் காத்துக்கொண்டிருக்கும். மல்லிகைச் சரம் வைப்பதானால் கிளிப்பைச் சுற்றி மட்டும் வையுங்கள். பூக்காரர் தண்ணீர் தெளித்துத்தான் தருவார். அந்த ஈரம் பட்ட சுருள் விரிந்துவிடும் என்பதால், சரத்தை ஒரு துணியில் வடிவாக ஒற்றி எடுத்துவிட்டுச் சூடுங்கள்.